அரைப்படி, மூன்று தரம்

பினாங்கில் எங்கள் அம்மன் கோயிலுக்கு ஓர் உற்சவ மூர்த்தி வேண்டும் என்று கமிட்டி தீர்மானித்ததும், தஞ்சாவூர்ப் பக்கம் போய் வாங்கி வர யாரை அனுப்புவது என்று பேச்சு வந்தது. வேலையிலிருந்து ஓய்வு பெற்றவன், மனைவி தடுக்கமாட்டாள், வீட்டில் உட்கார்ந்து பழைய ரெக்கார்டுகளைத் துடைத்துக்கொண்டிருப்பவன். இத்தனை தகுதியும் உள்ள ஆள் நான் ஒருவன்தான். சிலை நல்லபடியாக வந்து சேர்ந்துவிட்டது. கமிட்டிக்கு அறிக்கையும் கொடுத்தாயிற்று. போகும்போது என் பையில் இருந்த ஒரு பொருள் மட்டும் திரும்பி வரவில்லை. அதைப் பற்றி அறிக்கையில் எழுத இடமில்லை, இங்கே எழுதுகிறேன்.

சுவாமிமலையில் ஸ்தபதி என்னைப் பட்டறைக்குள் கூட்டிப்போய் ஒரு மண் உருண்டையைக் காட்டினார். உள்ளே மெழுகில் அம்மன் இருக்கிறாளாம். மெழுகை உருக்கி வெளியேற்றிவிட்டு அந்த இடத்தில் உலோகத்தை ஊற்ற வேண்டும்.

"வெள்ளிக்கிழமைதாங்க வார்ப்பு. நல்ல நாள் பாத்துத்தான் ஊத்துவோம். அதுவரைக்கும் கும்பகோணத்துல கோயில் குளம்னு பாத்துட்டு வாங்களேன்" என்றார்.

குளம் எல்லாம் காய்ந்து கிடந்தது. வைகாசி வெயில். காவிரியைப் பார்க்கப் போனேன், மணலைப் பார்த்துவிட்டு வந்தேன். ஆற்றின் நடுவில் பையன்கள் ஸ்டம்பு நட்டுக் கிரிக்கெட் ஆடினார்கள். எங்கள் ஊரில் தினமும் சாயங்காலம் மழை பெய்து துணி காயாமல் மனைவி திட்டிக்கொண்டிருப்பாள். அந்த மழையில் ஒரு நாளைக்குரியதை இங்கே அனுப்பி வைக்க முடிந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

உண்மையைச் சொன்னால் சிலை எனக்கு ஒரு சாக்கு. என் பையில் இரண்டு ஒட்டுப்பலகைகளுக்கு நடுவே, துண்டில் சுற்றி, ஒரு சின்ன ரெக்கார்டு இருந்தது. அதில் பாடியவரைத் தேடித்தான் வந்திருந்தேன்.

இங்கே என் பைத்தியத்தைக் கொஞ்சம் விளக்க வேண்டும். இளம் வயதில் நாதஸ்வரம் தவிர வேறெதையும் சங்கீதம் என்று ஒப்புக்கொள்ளாதவன் நான். சினிமாப் பாட்டு கேட்கும் நண்பர்களோடு சண்டை போட்டிருக்கிறேன். பிறகு கல்யாணமாகி, வீட்டு ரேடியோ மனைவி வசம் போனது. சினிமாப் பாட்டும் பிடித்துவிட்டது. அதற்கப்புறம் ஒன்று கண்டுபிடித்தேன். நான்கு பாட்டு உள்ள சின்ன ரெக்கார்டுகளில் கடைசிப் பாட்டை யாரும் கேட்பதில்லை. இடம் மிஞ்சியதே என்று போட்டு வைப்பது. கம்பெனிக்காரர் கவனிக்கமாட்டார், பெயர் பெற்ற பாடகர் அதற்குள் வீட்டுக்குப் போயிருப்பார். அந்த நேரத்தில்தான் வாத்தியக்காரர்கள் தங்கள் இஷ்டத்துக்கு வாசித்திருப்பார்கள். அன்று முதல் நான் நான்காம் பாட்டுக்கு ரசிகன்.

பையில் இருந்ததும் அப்படி ஒன்று. கறுப்பும் சிவப்புமாக உறை. முதல் மூன்று பாட்டும் கட்சிப் பாட்டு. நல்ல பாட்டுதான், ஆனால் தலைவரைப் புகழும் வேகத்தில் தபேலாக்காரருக்கு மூச்சு வாங்கும். நான்காவது, கூலி நெல்லில் அரைப்படி கூட்டிக் கேட்டு ஒரு பெண்ணும் நாலு பேரும் பாடும் பாட்டு. நடவுப் பாட்டின் மெட்டு, நாடக மேடை ஆர்மோனியம், பின்னால் எங்கிருந்தோ ஒரு கிளாரினெட். உறையின் மூலையில் பொடி எழுத்தில் 'தனக்கோடி குழுவினர்' என்று மட்டும் இருக்கும். பினாங்கில் ஒரு கடையில் விற்காமல் கிடந்த பெட்டியில் இதை எடுத்த நாளிலிருந்து, மல் துணியால் அல்லாமல் வேறெதாலும் இதைத் துடைத்ததில்லை. கேசட்டில் பதிந்துகொள்ளக்கூடாதா என்று கேட்பார்கள். ஊறுகாய் போட்டுவிட்டால் அப்புறம் அது மாங்காயா?

பட்டறைக்கு எதிர்ப்புற டீக்கடையில் என் தேடலைத் தொடங்கினேன். பக்கத்தில் டீ குடித்துக்கொண்டிருந்தவர் சிலைக்கு அரம் போடுகிறவர். கை முழுக்கப் பித்தளைத் தூள். பாட்டின் முதல் அடியை நான் முணுமுணுத்ததும் திரும்பிப் பார்த்தார்.

"இது எங்க மாமியா ஊர்க் கல்யாணப் பாட்டாச்சே. திருத்துறைப்பூண்டிப் பக்கம்" என்று சொல்லிவிட்டு, அவரே பாடினார். "அளந்து போடு, அளந்து போடு, அரைப்படி, அரைப்படி, அரைப்படி சேர்த்தளந்து போடு."

"அரைப்படி ஒரு தரம்தான்" என்றேன்.

"மூணு தரங்க."

"என்கிட்ட ரெக்கார்டே இருக்கு. ஒரு தரம்தான் வருது."

அவர் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். "பாய் ரெக்கார்டுல மூணு தரம் வருதுங்க. முத்துப்பேட்டை ஜமால் பாய் மைக்செட்டு. வேணும்னா போயிக் கேட்டுப் பாருங்க."

எனக்கு உள்ளுக்குள் ஒரே குதூகலம். பாட்டு உயிரோடு இருக்கிறது, ஜனங்கள் வாயில் வளர்ந்தும் இருக்கிறது. பாடபேதம் பற்றி எங்கள் சங்க மலரில் ஒரு கட்டுரை எழுதிவிடலாம் என்று அங்கேயே முதல் பத்தியை மனசுக்குள் எழுதிவிட்டேன்.

மறுநாள் பஸ். டிரைவர் தலைக்கு மேலே புது ஸ்டீரியோ. டிஸ்கோ மாதிரி ஒரு பாட்டு, டும் டும் என்று ஒரே அடி. இது மேளமா, மாவு மில்லா என்று பக்கத்தில் இருந்தவரிடம் கேட்டேன். அவர் காலால் தாளம் போட்டுக்கொண்டிருந்ததால் பதில் சொல்லவில்லை. வெளியே அறுத்த வயல்களில் ஆட்டுக்கிடை போட்டிருந்தார்கள். வரப்பெல்லாம் வெடித்திருந்தது.

மன்னார்குடி தாண்டியதும் பஸ் நின்றது. சாலையில் பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். சிவப்புக் கொடி, பக்கத்தில் போலீஸ் வேன்.

"எதுக்கு மறியல்?" என்று கண்டக்டரிடம் கேட்டேன்.

"குத்தகை நெலத்த விட்டு எறங்கச் சொல்றாங்களாம். இவங்க எறங்கமாட்டோம்ங்கிறாங்க. கோர்ட்டுல ஒரு தீர்ப்பு, ஆபீசுல ஒரு தீர்ப்பு. நீங்க வெள்ளரிப் பிஞ்சு சாப்பிடுங்க சார், நேரமாவும்."

வெள்ளரிப் பிஞ்சைக் கடித்துக்கொண்டே காதைத் தீட்டினேன். போராட்டப் பாட்டு கேட்கலாம் என்ற ஆசை. அவர்கள் பாடியது பஸ்ஸில் ஓடிய அதே டிஸ்கோ பாட்டின் மெட்டு. வார்த்தை மட்டும் பட்டா, சாகுபடி, தாசில்தார். எனக்கு முகம் சுருங்கியது. ஆனால் இரண்டு வரி போவதற்குள் என் கால் தாளம் போட்டதையும் சொல்லியாக வேண்டும். நடவு மெட்டு ஒரு காலத்தில் அவர்கள் கையில் கிடைத்தது, இப்போது இது கிடைக்கிறது. எதையும் விடமாட்டார்கள் போலிருக்கிறது.

முத்துப்பேட்டையில் ஜமால் பாய் கடையைக் கண்டுபிடிப்பது சிரமமாக இல்லை. வாசலில் குழாய் ஸ்பீக்கர்கள் பூசணிப் பூ மாதிரி தொங்கின. பாய்க்கு என் வயதுதான் இருக்கும். வெள்ளைத் தொப்பி, கைலி, மேசை மேல் சவூதியிலிருந்து மகன் அனுப்பிய இரட்டை கேசட் செட்டு. நான் பாட்டின் பெயரைச் சொன்னதும் அவர் முகம் செத்துப்போயிற்று. எழுந்து கதவை ஒருக்களித்துவிட்டு, பெட்டியைத் திறந்து எடுத்துக் காட்டினார்.

என் ரெக்கார்டின் இன்னொரு பிரதி. பொரித்த அப்பளம் மாதிரி நெளிந்திருந்தது.

"நாளைக்குக் கல்யாணம். சுத்தமா வெக்கலாமேன்னு சீயக்காய் போட்டுக் கழுவுனேண்ணே. கழுவி, எங்க வீட்டுல கருவாடு காயிற தகரத்துமேல வெச்சேன். தொழுவப் போயிட்டு வந்து பாத்தா இப்புடி."

சிரிப்பு வந்தது. அவர் கண் கலங்கியிருந்ததால் அடக்கிக்கொண்டேன்.

கல்யாணம் நடக்கவிருந்த தெரு விவசாயக் கூலிகளின் தெரு. கூலித் தகராறு நடந்த வருஷங்களில், பண்ணைக்காரர்களுக்குப் பயந்து அந்தத் தெருவுக்கு எந்த மைக்செட்காரரும் போகமாட்டார். பாய் போனார். அங்கே ஐயரை வைத்துக் கல்யாணம் செய்வதில்லை. பெரியவர் ஒருவர் தலைமை தாங்குவார், இந்த ரெக்கார்டு ஓடும், பாட்டு முடிந்ததும் தாலி. வேறெந்தப் பாட்டுக்கும் அங்கே தாலி கட்டியதில்லை.

"என்னை நம்பித்தான் இருக்காங்க. நாளைக்குப் போயி, கருவாட்டோட காயவெச்சுட்டேன்னு எந்த வாயால சொல்லுவேன்?"

நான் பையைத் திறந்து பலகைகளைப் பிரித்தேன். பாய் குனிந்து பார்த்தார். உறையைத் தொட்டார், தொப்பியைச் சரிசெய்துகொண்டார், உள்ளே திரும்பி, "இந்தாம்மா, வாடா போடு, பெனாங்குலேருந்து ஆள் வந்திருக்கு" என்று கத்தினார். இறால் வைத்த அந்த அரிசி வாடாவைப் போல ஒன்றை நான் பினாங்கில் எந்தத் தள்ளுவண்டியிலும் தின்றதில்லை. கணக்கில்லாமல் தின்றேன்.

சாப்பிடும்போதுதான் பாய் சொன்னார். "என்னோடதுல ஒரு கீறல் உண்டுண்ணே. 'அரைப்படி'ங்கிற எடத்துல ஊசி நின்னு சுத்தும். எந்திரிச்சு சுண்டு விரலால தள்ளி விடுவேன். அதுக்குள்ள மூணு தரம் பாடிப்புடும். இத்தனை வருஷமும் எனக்கு அது வெக்கந்தான். நாளைக்குத்தான் ஜனம் சுத்தமா கேக்கப் போவுது."

என் பாடபேதக் கட்டுரை அங்கேயே அடக்கமாயிற்று.

"பாடுனவுகளும் வர்றாங்கண்ணே. தனக்கோடி. பூதலூர்ல இருக்காங்க. கல்யாணப் பொண்ணுக்கு அத்தை" என்றார் பாய். நான் இன்னொரு வாடாவைக் கையில் எடுத்ததையே மறந்துவிட்டேன்.

காலையில் வேனில் போனோம். பந்தலுக்குச் சற்றுத் தள்ளி ஒரு புளியமரம். அதில் நாலு பக்கமும் பார்த்துக் குழாய்களைக் கட்டி, மரத்துக்குப் பின்னால் மேசை போட்டார் பாய். எப்போதும் அதுதான் அவர் இடமாம். அங்கிருந்து பார்த்தால் பந்தலுக்குள் என்ன நடக்கிறது என்பது தெரியாது. பெண்ணின் தகப்பனார் மாரிமுத்து கைதட்டினால் பாட்டு போட வேண்டும், அவ்வளவுதான் ஏற்பாடு.

நான் பந்தலுக்குள் நின்றேன். மணமக்கள் முன்னால் ஒரு மரக்கால், கழுத்து வரைக்கும் நெல். அதைச் சுற்றி மூன்று பெண்கள் கைநிறைய நெல்லோடு நின்றார்கள். பெண்ணின் தாய், மாப்பிள்ளையின் தாய், மூன்றாவதாக நரை விழுந்த, நிமிர்ந்த ஓர் அம்மாள். யாரும் சொல்லாமலே தெரிந்தது, தனக்கோடி.

மாரிமுத்து கையைத் தட்டினார். என் ரெக்கார்டு ஓடியது.

என் வீட்டு அறையில் கேட்ட அந்தக் குரலா இது? நாலு குழாயிலும் புறப்பட்டு வெடித்த வயல் தாண்டிப் போயிற்று. கிளாரினெட் வந்த இடத்தில் எனக்கு உடம்பு சிலிர்த்தது. ஒரு பொரிச்சல் இல்லை, ஒரு கரகரப்பு இல்லை. சுற்றியிருந்த எல்லோரையும் பெருமையாகப் பார்த்தேன். தெருவே சேர்ந்து பாடியது. "அளந்து போடு, அளந்து போடு, அரைப்படி..."

பெண்ணின் தாய் தன் கையிலிருந்த நெல்லை மரக்காலில் போட்டாள். தெரு, "அரைப்படி" என்று இரண்டாம் தரம் பாடியது. ரெக்கார்டு அதற்குள் அடுத்த அடிக்குப் போய்விட்டது. மாப்பிள்ளையின் தாய் நீட்டிய கையை அப்படியே நிறுத்தினாள். பாடினவர்கள் தடுமாறி, சிலர் முன்னால் ஓடி, சிலர் பின்னால் இழுத்து, ஒவ்வொருவராக வாயை மூடினார்கள். ரெக்கார்டு மட்டும் தன்பாட்டுக்குச் சுத்தமாகப் பாடி முடித்தது.

அப்போதுதான் எனக்கு விளங்கியது. மூன்று அரைப்படிக்கு மூன்று கை நெல். கீறலைச் சுற்றி ஒரு சடங்கே வளர்ந்திருக்கிறது. மரத்துக்குப் பின்னால் உட்கார்ந்திருந்த பாய்க்கும் அது தெரியாது, கடல் கடந்து வந்த எனக்கும் தெரியாது.

மாப்பிள்ளையின் சித்தப்பா முன்னால் வந்தார். "எங்க பக்கத்து நெல்லு மட்டும் மரக்காலுக்கு ஆவாதா? பொண்ணோட ஆத்தா போட்டாச்சு, பாட்டு முடிஞ்சுபோச்சு. எங்க அண்ணி கையில நெல்லோட நிக்கணுமா?"

"ரெக்கார்டு மாறிப்போச்சுங்க மாமா, வேணும்னு செய்வமா?" என்று மாரிமுத்து கெஞ்சினார்.

"மாத்தச் சொன்னது யாரு?"

மாப்பிள்ளை வீட்டார் வரிசையில் இரண்டு பேர் துண்டை உதறித் தோளில் போட்டார்கள். கல்யாணப் பெண் குனிந்த தலையை நிமிர்த்தவில்லை, தோள் மட்டும் நடுங்கியது.

தனக்கோடியையே பாடச் சொல்லலாம் என்றார் யாரோ. அந்த அம்மாள் அசையவில்லை. "சத்துணவு அடுப்புப் புகை என் தொண்டையத் தின்னு வருஷக்கணக்காச்சு. நான் பாடுனா மாடு மெரளும். ரெக்கார்டை வையிங்க. இந்தத் தெருவுக்கு அதான் ஐயரு."

நான் புளியமரத்துக்கு ஓடினேன். மாரிமுத்து அதற்கு முன்பே அங்கே வந்து மூன்று கை நெல்லைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தார். பாய்க்கு வியர்த்துக் கொட்டியது.

"கையால தூக்கித் தூக்கி வெக்கலாம்" என்று என் காதருகே சொன்னார். "ஆனா இது ஓடும்போது வெக்கிறது. ஊசி இழுத்துக் கீறிப்புடும். உங்க ரெக்கார்டுண்ணே."

சட்டென்று வையுங்கள் என்று சொல்லிவிட்டதாக எழுத ஆசைதான். சொல்லவில்லை. அந்தக் கறுப்புத் தட்டின் மேல் வெயில் பட்டு, ஒரு கோடு இல்லாமல் மின்னியது. என்னிடம் இருந்ததிலேயே நான் அதிகம் நேசித்த பொருள் அது. பந்தல் பக்கம் திரும்பினேன். மாப்பிள்ளையின் தாய் இன்னும் கையை இறக்கவில்லை. விரலிடுக்கில் நெல் ஒவ்வொன்றாகச் சிந்திக்கொண்டிருந்தது.

"வையுங்க பாய்" என்றேன்.

பாட்டு மறுபடி முதலிலிருந்து ஓடியது. "அரைப்படி" என்றதும் பெண்ணின் தாய் போட்டாள். பாய் ஊசியைத் தூக்கிப் பின்னால் வைத்தார். அது வழுக்கி, கர்ரென்ற சத்தம் நாலு குழாயிலும் கிழித்துக்கொண்டு போயிற்று. என் பல் கூசியது. "அரைப்படி." மாப்பிள்ளையின் தாய் கையைக் கவிழ்த்தாள். இன்னொரு கர்ர். "அரைப்படி." தனக்கோடி போட்டாள். மரக்கால் நிறைந்து வழிந்தது. குலவைச் சத்தத்தில் மீதிப் பாட்டு யாருக்கும் கேட்கவில்லை. தாலி கட்டியாயிற்று. சித்தப்பா மாரிமுத்துவின் தோளில் கை போட்டு வெற்றிலைத் தட்டைக் கேட்டார். நான் அழுதேன். ரெக்கார்டுக்காகவா கல்யாணத்துக்காகவா என்று இன்றுவரை தெரியாது.

பந்தியில் தனக்கோடியம்மாள் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். நான் சொல்ல வைத்திருந்த புகழ்ச்சியைத் தொடங்குவதற்குள் அவரே பேசினார்.

"பாய் அந்தப் பாட்டை இங்க மொதமொதல்ல போட்ட அன்னைக்கு, பண்ணை ஆளுங்க வந்து மேசைய எட்டி ஒதைச்சாங்க. அப்ப விழுந்த கீறல். மறுநா பாய் திரும்பவும் போட்டாரு. நின்னு நின்னு பாடிச்சு. ஒதைச்சதுக்கு இன்னும் சேத்துக் கேக்குதுன்னு எல்லாரும் சிரிச்சோம். நான் கேட்டது அரைப்படிதான் அண்ணே. ரெக்கார்டு ஒன்றரைப் படி கேட்டுது."

"கிடைச்சுதா?"

"காப்படி கெடைச்சுது" என்று சொல்லிக் கத்திரிக்காய்க் கூட்டை இன்னொரு கரண்டி போடச் சொன்னார்.

சிவப்புக்கொடிப் பாட்டு கறுப்பு சிவப்பு உறைக்குள் எப்படிப் போனது என்று கேட்டேன். மூன்று பாட்டுக்குத்தான் ஆள் வந்ததாம், நாலாவதுக்கு இடம் கிடந்ததாம், பின்பாட்டுக்குப் போன இவரைப் பாடச் சொன்னார்களாம். பாடிவிட்டு பஸ் ஏறி வந்துவிட்டார். ரெக்கார்டு அவரிடம் ஒருநாளும் இருந்ததில்லை. என் நான்காம் பாட்டுக் கொள்கை தோற்கவில்லை என்பதில் எனக்கு ஒரு சின்ன சந்தோஷம்.

"பெனாங்குல இதை யாரு கேக்குறாங்க?" என்றார்.

"நான்தான். கதவைச் சாத்திக்கிட்டு, தனியா."

அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். கேலியில்லை, நிஜமான இரக்கம். "ஒத்தையில கேட்டா அது நல்லாவே இருக்காதே அண்ணே" என்றார். பாயசம் வந்ததால் தப்பித்தேன்.

கை கழுவிவிட்டு மரத்தடிக்குப் போனேன். பாய் என் ரெக்கார்டை வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்துக்கொண்டிருந்தார். பளபளப்பின் குறுக்கே மெல்லிய வெள்ளைக் கோடு.

"மன்னிச்சுக்குங்கண்ணே. எப்புடி இருக்குன்னு ஒரு தரம் போட்டுப் பாத்துடறேன். பந்திக்கும் பாட்டு வேணும்" என்று சொல்லி ஊசியை வைத்துவிட்டு, வயரைச் சுற்றப் போனார்.

கிளாரினெட் வந்தது. "அளந்து போடு, அளந்து போடு, அரைப்படி..." ஊசி அங்கேயே நின்றது. "அரைப்படி..." பந்தியில் சாப்பிடுகிறவர்கள் வாயில் சோற்றோடு சேர்ந்து பாடினார்கள். பாய்க்கு இரண்டு கையிலும் வயர். அவர் என்னைப் பார்த்தார்.

மூன்றாவது அரைப்படி முடியட்டும் என்று காத்திருந்து, சுண்டு விரலால் மெல்லத் தள்ளிவிட்டேன்.